லைற் போட்டால் சூடு ஏறிய சனிக் கார்

கார் 1987ஆம் ஆண்டு நிசான் சனி, பி12 பொடி (வண்டியின் இரும்புக் கூடு அந்த வகை). பகலில் ஓடும்போது சூட்டு மீற்றரின் முள் நடுவில் அமைதியாக நிற்கும். பொழுதுபட்டு ஹெட்லைற்றைப் போட்டதும் எழும்பத் தொடங்கும். கண்ணாடியில் புகார் படிகிறதே என்று புளோவரையும் போட்டால் சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போய்விடும். இரண்டையும் நிறுத்தினால் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வரும். இதற்குள் ஒரு கராஜில் தேர்மோஸ்டாற்றை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். எஞ்சினில் இருக்கும் சூட்டு சென்சரும் புதிது. முள் மட்டும் தன் பழக்கத்தை விடவில்லை.

ஹெட்லைற் எரிவதற்காக எந்த எஞ்சினும் கொதிப்பதில்லை. ரேடியேற்றரின் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தால் லைற் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே சூடுதான். ஆகவே ஏறுவது சூடல்ல, முள். இதை ஒத்துக்கொண்டதும் ரேடியேற்றர்க்காரரிடம் போக வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

அடுத்ததாகக் கவனித்தது பெற்றோல் முள்ளை. அது அசையவே இல்லை. டாஷ்போட்டில் இரண்டு முள்ளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே இடத்திலிருந்து கரண்ட் வாங்குகின்றன. டாஷ்போட்டில் பிழை என்றால் இரண்டும் ஆட வேண்டும். ஆடியது ஒன்றுதான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மறுமுனையில் இருக்கிறது: பெற்றோல் ராங்கின் சென்சருக்கு ஏர்த் (கரண்ட் பற்றரியின் நெகற்றிவுக்குத் திரும்பும் வழி) வண்டியின் பொடியிலிருந்து, சூட்டு சென்சருக்கு ஏர்த் எஞ்சின் இரும்பிலிருந்து. அப்படியானால் பொடியும் எஞ்சினும் ஒரே மட்டத்தில் இல்லை. லைற் போட்டவுடன் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு வோல்ற்றேச் வந்து உட்காருகிறது.

இதைச் சொன்னபோது மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்ராட்டர் ஒரு தட்டில அடிக்குது. ஏர்த் பிழை எண்டா முதல்ல ஸ்ராட்டர்தானே இழுக்கும்?" என்றான். நியாயமான கேள்வி. ஸ்ராட்டர் 100 அம்பியருக்கு மேல் குடிக்கிற சாமான். ஏர்த் கெட்டால் அதுதான் முதலில் முனகும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

இதற்குப் பதில் காத்தான்குடியில் ஓட்டோ இலெக்ற்றிக்கல் வேலை செய்யும் ஒரு நானாவிடம் கிடைத்தது. காரைக் கொண்டு போகவில்லை, கதையை மட்டும் சொன்னேன். அவர் கையில் இருந்த ஆர்மெச்சரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"தம்பி, ஸ்ராட்டர்ட ஏர்த் வேற, லைற்றுட ஏர்த் வேற. பற்றரியில ரெண்டும் ஒரே முனைதான், போற வழி வேற. ஸ்ராட்டர் அடிச்சா எஞ்சின் ஏர்த் நல்லம் எண்டு மட்டும்தான் அர்த்தம்."

"அப்ப பொடி ஏர்த்த எப்பிடி நானா பாக்கிறது?"

"லைற்ற, புளோவர எல்லாத்தையும் போட்டுட்டு அளங்க. மறுகா வந்து சொல்லுங்க."

பொனற்றைத் திறந்து பார்த்தால் அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து தடித்த கேபிள் ஒன்று நேரே கியர்பொக்ஸ் போல்ற்றுக்குப் போகிறது. ஸ்ராட்டர் அதை நம்பி வாழ்கிறது. பற்றரி முனையைக் கவ்வும் அதே கிளாம்பிலிருந்து சிறிய கறுப்பு வயர் ஒன்று பற்றரித் தட்டுக்குப் பக்கத்தில் பொடியில் ஒரு போல்ற்றோடு முடிகிறது. ஹெட்லைற், புளோவர், வைப்பர், ஹோன், பின்லைற் எல்லாம் திரும்பி வரும் வழி அது. இதற்குத் துணையாக எஞ்சினிலிருந்து பொடிக்குப் பின்னல் வார் ஒன்று இருக்க வேண்டும். இந்தக் காரில் அதற்கான போல்ற் ஓட்டை வெறுமையாக இருந்தது. முன்னைய சொந்தக்காரர் காலத்தில் ரீகண்டிசன் எஞ்சின் போட்டிருக்கிறார்கள். கழற்றிய வாரைத் திரும்பப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை போலும். கார் ஸ்ராட் ஆனது, லைற் எரிந்தது, சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

மச்சான் மல்ரி மீற்றரை ஓம் நிலைக்குத் திருப்பி, ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவிலும் மறுமுனையைப் பொடியிலும் வைத்தான். 0.4 ஓம். மீற்றரின் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொட வைத்தாலும் அதே 0.4 காட்டியது. "பாத்தியா, சைபர்தான். ஏர்த் நல்லம்."

ஏர்த் வேலையில் ஆட்கள் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஓம் அளக்கும்போது மீற்றர் தன் சின்னப் பற்றரியிலிருந்து ஒரு துளி கரண்ட்டைத்தான் அனுப்புகிறது, ஒரு அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். வயருக்குள் இருக்கும் செம்பு நூல்கள் எல்லாம் அறுந்து ஒரே ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் அந்தத் துளி தாராளமாகப் போய்விடும். 1924இல் திறந்த எங்கள் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகிறவனுக்கு அது அகலமான பாலம். இரண்டு பக்கமும் பஸ் வந்து நின்றால்தான் ஒரு வண்டி போகிற அகலம் என்பது தெரியும். மீற்றர் அனுப்புவது சைக்கிள். ஹெட்லைற்றும் புளோவரும் அனுப்புவது பஸ்.

கணக்கிலும் பார்க்கலாம். ஒரு ஏர்த் மூட்டில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீற்றருக்கு அது கண்ணிலேயே படாது. அந்த மூட்டு வழியாக ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுத்தால் 1.5 வோல்ற் அங்கேயே நின்றுவிடும். பழைய காரில் ஸ்ராட்டர் இழுக்கும்போது பற்றரியில் இருப்பதே 10 வோல்ற் சொச்சம். அதில் 1.5 போனால் ஸ்ராட்டர் சோம்பும், பற்றரி பழசு என்று புதிது வாங்குவோம். ஓம் நிலையில் ஏர்த்தைச் சோதிப்பதை நான் விட்டுவிட்டேன். வயர் முழுதாக அறுந்ததா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

சரியான முறை வோல்ற் நிலையில், வேலை நடந்துகொண்டிருக்கும்போது அளப்பது. எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைற்றை ஹைபீமில் போட்டு, புளோவரை முழு வேகத்தில் வைத்தோம். மீற்றரின் கறுப்பு முனை பற்றரி நெகற்றிவின் ஈயத் தண்டிலேயே, கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு போனோம். நல்ல ஏர்த் என்றால் எங்கே தொட்டாலும் சைபருக்குக் கிட்டத்தான் காட்ட வேண்டும். 0.1 வோல்ற்றுக்குக் கீழ் இருந்தால் நிம்மதி, 0.2க்கு மேல் போனால் தேட வேண்டும்.

எஞ்சின் இரும்பில் 0.03. பெயின்ற் இல்லாத ஒரு போல்ற் தலையில் பொடியைத் தொட்டபோது 1.40. மச்சான் மீற்றரை வாங்கித் தானும் தொட்டுப் பார்த்தான்.

அந்த 1.40 எங்கே தொலைகிறது என்பதைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். ஈயத் தண்டுக்கும் கிளாம்புக்கும் இடையில் 0.02. கறுப்பு வயரின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு 1.10. வயர் நுனியில் போல்ற்றோடு பூட்டும் உலோக வளையமான லக்குக்கும் பொடிக்கும் இடையில் 0.28. மூன்றையும் கூட்டினால் 1.40. பெரும் பிழை வயருக்குள், மிச்சம் துருவில்.

ஏறக்குறைய 18 அம்பியர் ஓடும் இடத்தில் 1.4 வோல்ற் என்றால் 25 வோற் சக்தி வெறும் சூடாகக் கழிகிறது. வெளிச்சத்துக்கு வரும் நட்டம் இன்னும் பெரிது. பல்ப்பின் வெளிச்சம் வோல்ற்றேசோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிட வேகமாக விழும். 13.8 வோல்ற்றில் எரிய வேண்டிய பல்ப்புக்கு 12.4 கிடைத்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் வரை போய்விடும். இரவில் களுவாஞ்சிகுடிப் பக்கம் போகும்போது ரோட்டில் படுத்திருக்கும் மாடு கிட்டப் போன பிறகே தெரிந்ததற்கு என் கண்ணைக் குறை சொன்னவர்கள் வீட்டில் உண்டு.

முள் ஏன் ஏறியது என்பதும் இதோடு விளங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது ஓல்ரனேற்றர். அது எஞ்சினில் பூட்டியிருக்கிறது. லைற்றுக்குப் போன கரண்ட் பொடி வழியாக எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். வழி இடுக்காக இருப்பதால் பொடி எஞ்சினை விட 1.4 வோல்ற் மேலே நிற்கிறது. சூட்டு முள்ளுக்குத் தன் சென்சர் வழக்கத்தை விடத் தாழ்வான இடத்தில் இருப்பதாகத் தெரிகிறது. கூடுதல் கரண்ட் இழுக்கிறது, முள் எழும்புகிறது. தேர்மோஸ்டாற்றை எத்தனை தரம் மாற்றினாலும் இது இறங்காது.

எதையும் கழற்ற முன்னர் ஒரு சோதனை. பற்றரி இறங்கினால் வேறு வண்டியிலிருந்து கொடுக்கும் ஜம்ப் கேபிளில் கறுப்பை எடுத்து, ஒரு கவ்வியை எஞ்சின் கொக்கியிலும் மற்றதைப் பொடியின் போல்ற்றிலும் கடித்துவிட்டோம். ஹெட்லைற் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியது சுவரில் தெரிந்தது. உள்ளே இருந்த மச்சான், "முள் இறங்குது, இறங்குது" என்று கத்தினான். காசு செலவில்லாத சோதனை இது. ஏர்த் மேல் சந்தேகம் வந்தால் சாமான் வாங்கப் போக முன் செய்து பாருங்கள். மாற்றம் ஏதும் இல்லை என்றால் பிழை வேறிடத்தில்.

இதற்கிடையில் அக்சிலேற்றர் மிதி சில மாதங்களாக இறுகிக்கொண்டு வந்தது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் நைலோன் உறை இளகிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. பொடியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்ப நல்ல வழி இல்லாத கரண்ட், கிடைத்த இரும்பையெல்லாம் பிடித்துக்கொண்டு போகும். கார்ப்ரேற்றருக்குப் போகும் மெல்லிய கேபிள் அதற்கு வாகாக இருந்திருக்கிறது. மிதி இறுகுவது பரவாயில்லை, மிதித்த இடத்திலேயே சிக்கி நின்றிருந்தால் கதை வேறு. பழைய காரில் அக்சிலேற்றர், கிளச், கியர் கேபிள்களில் ஏதாவது காரணம் தெரியாமல் சூடானால், அல்லது அடிக்கடி பழுதானால், எண்ணெய் விட முன்னர் எஞ்சின் ஏர்த்தைப் பாருங்கள்.

வேலைக்கு முதல் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றினோம். எப்போதும் நெகற்றிவ்தான் முதலில். ஸ்பானர் தவறிப் பொடியில் பட்டாலும் பொறி வராது. அந்தச் சிறிய கறுப்பு வயரின் உறையைக் கீறினால் உள்ளே செம்பே இல்லை, பச்சைத் தூள். இன்னும் மேலே கீறிக்கொண்டு போனால் நூல்கள் கறுத்திருந்தன. உப்பீரம் உறைக்குள்ளால் மேலேறும் என்பதால் நுனியை மட்டும் வெட்டிப் புது லக் அடிப்பதில் பயனில்லை. கறுத்த செம்பில் சோல்டரும் பிடிக்காது. பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டுங்கள். வராவிட்டால் வயரையே எறிந்துவிடுங்கள். நாங்கள் எறிந்தோம்.

புதிதாகப் போட்டது இரண்டு. பற்றரியிலிருந்து பொடிக்கு 16 சதுர மில்லிமீற்றர் கேபிள், எஞ்சினிலிருந்து பொடிக்கு அதே தடிப்பில் இன்னொன்று. இரண்டிலும் வெள்ளீயம் பூசிய செம்பு லக், சரியான அமுக்கும் கருவியால் அமுக்கியது. சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் இரண்டு மாரிக்குக்கூடத் தாங்காது. மச்சான் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 வயரை எடுத்து வந்தான். அதில் இருப்பது ஏழே ஏழு தடித்த நூல். அசையாத சுவருக்கு நல்லது, எஞ்சின் குலுக்கலில் ஒவ்வொன்றாக முறியும். வாகனத்துக்கு மெல்லிய நூல் நிறைய உள்ள வயர் வேண்டும்.

பொடியில் லக் உட்காரும் இடத்தை வயர் பிறஷாலும் எமரி பேப்பராலும் தேய்த்து வெள்ளி போல் மின்னும் இரும்புக்குக் கொண்டு வந்தோம். லக்கின் அகலத்துக்கு மட்டும், அதற்கு மேல் பெயின்ற்றைச் சுரண்டக் கூடாது. லக் நேரே அந்த இரும்பில் உட்கார வேண்டும். வாஷர் இரும்புக்கும் லக்குக்கும் நடுவில் வரக் கூடாது, போல்ற் தலைப் பக்கம்தான் அதன் இடம். கரண்ட்டைக் கடத்துவது லக்கும் இரும்பும் முட்டும் முகம். போல்ற் அதை அமுக்கிப் பிடிக்கும் ஆள் மட்டும். அதனால் மின்னுகிற ஸ்ரெயின்லெஸ் போல்ற் தேடி அலையத் தேவையில்லை. இறுக்கிய பிறகு மேலே வசலின், அதற்கும் மேலே ஒரு பூச்சுப் பெயின்ற். கிறீசைத் தாராளமாகப் பூசிவிட்டுப் போல்ற்றை இறுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதலில் இறுக்கம், பிறகு பூச்சு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

திரும்ப அளந்தபோது பொடியில் 0.05.

பின்பக்கம் தனிக் கதை. வலது சிக்னலைப் போட்டால் அந்தப் பக்கச் சிவப்பு பாக் (பார்க்கிங்) லைற் சேர்ந்து துடிக்கும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கும். இடது பக்கப் பிரேக் லைற்கூட மெல்ல இமைக்கும். பார்க்கிறவனுக்கு வயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியது போல் தெரியும், டிக்கி முழுக்கக் கழற்றச் சொல்வார்கள். உண்மையில் அந்த லைற் பெட்டிக்கு ஏர்த் போய்விட்டது, அவ்வளவுதான். சிக்னல் பல்ப்பின் 21 வோற் இழை வழியாக வந்த கரண்ட் பொதுத் தகட்டில் முட்டி நிற்கிறது. கீழே இறங்க வழியில்லை. பக்கத்து பல்ப்பில் 5 வோற் பாக் இழை இருக்கிறது. அதற்குள்ளால் தலைகீழாக ஏறி, பாக் லைற் வயரைப் பிடித்து, இடது பாக் லைற்றுக்கும் நம்பர் பிளேற் பல்ப்புக்கும் போய், அங்கே உள்ள நல்ல ஏர்த்தில் இறங்கிவிடுகிறது. வழியில் உள்ள இழைகள் எல்லாம் அரைகுறையாக எரிகின்றன. ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மங்கலாக எரிகிறது என்றால் பத்துக்கு ஒன்பது ஏர்த்தான்.

டிக்கிக்குள் அந்தப் பெட்டியின் ஏர்த் வயர், பெயின்ற் அடித்த தகரத்தில் முறுக்கிய ஒரு சின்ன ஸ்க்ரூவில் தொங்கியது. சுற்றிலும் துரு வளையம். ஸ்க்ரூ இறுக்கமாகவே இருந்தது, அதனால் கையால் ஆட்டிப் பார்த்தவர்களுக்குப் பிழை தெரியவில்லை. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் நட் பற்றவைத்திருந்த ஒரு நல்ல போல்ற்றுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரைக் கொண்டு போனோம். பல்ப் சொக்கட்டின் தகட்டையும் எமரியால் தேய்த்தோம்.

ஈரம் வந்த வழியை அடைக்காவிட்டால் அடுத்த மாரியில் திரும்பவும் இதே வேலைதான். டிக்கியை மூடி மச்சானை வெளியில் தண்ணீர்க் குழாயோடு நிற்க விட்டு, பின் சீற்றைச் சாய்த்து உள்ளே ரோச் அடித்துப் பார்த்தேன். லைற் பெட்டியின் ரப்பர் சுருங்கி, ஒரு மூலையால் தண்ணீர் நூல் பிடித்து இறங்கியது. சிலிக்கன் போடுவதென்றால் வினாகிரி மணக்கும் வகையை வயருக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அமிலம் செம்பையும் தகரத்தையும் தின்னும். மணமில்லாத நியூற்றல் வகை கடையில் கேட்டால் கிடைக்கும்.

கல்லடியில் எங்களுக்கு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். வாடை அடிக்கிற மாதங்களில் இரவு நிறுத்திய கார்க் கண்ணாடியை விடியக் கையால் துடைத்தால் விரலில் உப்புத் தெரியும். இங்கே ஏர்த் மூட்டு என்பது டயர் மாதிரித் தேய்கிற சாமான். இதோடு 2011 தை மாத வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படியானதை வாங்கினால் கால் வைக்கும் இடத்துக் காப்பெற்றைத் தூக்கி, பக்கத் தகட்டுக்குள் இருக்கும் ஏர்த் போல்ற்றைப் பாருங்கள். வெளியே பொலிஷ் அடிப்பவர்கள் அதைத் தொடுவதில்லை.

நிறத்தை நம்பி வயரை வெட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். நிசானில் கறுப்பு வயர் பெரும்பாலும் ஏர்த். பழைய டொயோட்டாவில் ஏர்த் வெள்ளையில் கறுப்புக் கோடு. தனிக் கறுப்பில் சாவி போட்டதும் 12 வோல்ற் வரும் இடங்கள் உண்டு. அதைப் பொடியில் பூட்டினால் பியூஸ் போகும், பியூஸ் இல்லாத இடம் என்றால் வயரே எரியும். எண்பதுகளின் பல டொயோட்டாக்களில் ஹெட்லைற்றின் சுவிட்சே ஏர்த் பக்கத்தில் இருக்கிறது. லைற் மங்குகிறது என்று பல்ப் முனையை நேரே பொடிக்குக் கொடுத்தால் ஹெட்லைற் அணையாது. மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அதில் பொடியோடு சேருவது பற்றரியின் பொசிற்றிவ். மீற்றர் முனைகளை மாற்றிப் பிடித்தால் அளவு முறை அப்படியே பொருந்தும். ஆனால் இக்காலத்து ரேடியோவையோ எல்ஈடி பல்ப்பையோ யோசிக்காமல் பூட்டினால் வேலை செய்யாது, பழுதாகியும் போகலாம்.

பொழுதுபட்ட பிறகு கல்முனை வரை போய் வந்தோம். ஹைபீம், புளோவர், வைப்பர் எல்லாம் போட்டபடி. முள் நடுவிலேயே நின்றது. நானாவுக்கு இலக்கங்களைச் சொன்னபோது 1.40 என்றதும் சிரித்தார். 2 வோல்ற்றுக்கு மேலே பார்த்திருக்கிறாராம், அதுவும் ஓடுகிற வேனில்.

பின் கண்ணாடியின் புகாரைப் போக்கும் டீமிஸ்டர் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. அதன் ஏர்த் முனையில் 0.04, மற்ற முனையில் முழு வோல்ற்றும் வருகிறது. ஆகவே பிழை கண்ணாடியில் ஓடும் கோடுகளில். ஒவ்வொரு கோட்டிலும் மீற்றர் முனையை மெல்ல நகர்த்திக்கொண்டு போனால் வோல்ற் சட்டென்று விழும் இடத்தில் அறுந்திருக்கும். அதற்கு வேண்டிய வெள்ளிப் பெயின்ற்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.